தேசத்தை எழுவாயாக வைக்கலாமா? வரலாறு எழுதுபவருக்கு நான்கு வழிகள்

‘1473இல் தோருன் நகரில் பிறந்த போலந்து வானியலாளர் கோப்பர்நிக்கஸ்.’ நண்பர் ஒருவரின் கைப்பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தபோது இந்த வரியில் வந்து நின்றுவிட்டேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆண்டும் ஊரும் சரி. இடித்தது ‘போலந்து’ என்ற ஒரே சொல்தான்.

அதை அடித்துவிட்டு ‘ஜெர்மானிய’ என்று போடலாமா? தோருன் அப்போது போலந்து மன்னரின் ஆளுகையில் இருந்தது. ஆனால் ஊரின் வணிகக் குடும்பங்கள் பேசியது பெரும்பாலும் ஜெர்மன். கோப்பர்நிக்கஸ் நூல் எழுதியது லத்தீனில். சில கடிதங்கள் ஜெர்மனில். போலோன்யா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது ஜெர்மானியர்களின் ‘நாத்தியோ’வில் பெயர் பதிந்தார். ‘நேஷன்’ என்ற சொல் பிறந்தது இந்த லத்தீன் சொல்லிலிருந்துதான். பார்த்தீர்களா, ஜெர்மானியர்தான் என்று துள்ளுவதற்கு முன் இன்னொன்றையும் கேளுங்கள்: இதே மனிதர்தான் 1521இல் டியூட்டானிக் வீரத்துறவிகளின் ஜெர்மானியப் படை நெருங்கியபோது, போலந்து மன்னர் பக்கம் நின்று ஓல்ஷ்டின் கோட்டையின் பாதுகாப்பைக் கவனித்தவர். அந்த ‘நாத்தியோ’வும் மாணவர்கள் தங்கள் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட ஒரு சங்கம், அவ்வளவுதான். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஆங்கிலேய நாத்தியோ’வில் ஜெர்மானியர்களும் ஸ்காண்டிநேவியர்களும் உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்கள்.

ஆக, அந்த ஒரு சொல்லில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வரலாறு எழுதுகிற, மொழிபெயர்க்கிற, பாடம் தயாரிக்கிற எல்லோருக்கும் இந்த இக்கட்டு வரும். தேசம் பற்றிய கோட்பாட்டு நூல்கள் அலமாரி கொள்ளாத அளவுக்கு இருந்தாலும், எழுதும் மேசையில் கேள்வி எளியதாகிவிடுகிறது: தேசம் என்ற சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது? எழுவாயாக வைக்கலாம்: ‘தேசம் விழித்தெழுந்தது.’ செயப்படுபொருளாக வைக்கலாம்: ‘தேசத்தை உருவாக்கினார்கள்.’ அடியோடு விட்டுவிடலாம். அல்லது ‘என்று’ என்ற சொல்லுக்கு முன்னால் வைக்கலாம்: ‘நாங்கள் ஒரு தேசம் என்று சொன்னார்கள்.’

என் ஓட்டு பெரும்பாலும் நான்காவதுக்குத்தான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும்போது எதை இழக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் மற்ற மூன்றையும் ஒழுங்காகப் பார்த்தாக வேண்டும்.

எழுவாயாக

இதுதான் மூத்த வழி. தேசம் எப்போதும் இருந்தது, சில நூற்றாண்டு தூங்கியது, பிறகு எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதினார்கள். மொழியில்தான் ஒரு மக்களின் ஆன்மா இருக்கிறது என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெர்டரின் எண்ணம் அவர்களுக்கு வித்து.

இந்த வழியைக் கேலி செய்வது இப்போது எளிது. ஆனால் இன்று நாம் நம்பிப் புரட்டும் மூல ஆவணத் தொகுப்புகள் பல, இந்த நம்பிக்கை கொண்டவர்கள் உட்கார்ந்து படியெடுத்தவை. இடைக்கால ஜெர்மானிய ஆவணங்களைப் பதிப்பிக்கும் மாபெரும் பணி 1819இல் தொடங்கியது. ‘தாய்நாட்டின் மீதான புனித அன்பே ஊக்கம் தருகிறது’ என்பது அதன் லத்தீன் முத்திரை வாசகம். ஊக்கம் எங்கிருந்து வந்திருந்தாலும், பதிப்புகளின் துல்லியத்தில் குறை சொல்ல முடியாது; இன்றும் அந்தப் பணி தொடர்கிறது.

பழஞ்சான்றுகளும் இந்த அணிக்கு இல்லாமல் இல்லை. 1320இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்புக்கு அனுப்பிய ஆர்ப்ரோத் கடிதம் ‘ஸ்காட்டியர்களின் நாத்தியோ’ என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஹெரோடோட்டஸின் வரலாற்றில் ஏதென்ஸ்காரர்கள், ஒரே குருதி, ஒரே மொழி, பொதுவான கோயில்கள், ஒரே பழக்கவழக்கம் இவைதான் கிரேக்கத்தன்மை என்று ஸ்பார்ட்டாவின் தூதர்களிடம் பேசுகிறார்கள். அகநானூற்றில் மாமூலனார் வேங்கடத்துக்கு அப்பாலிருப்பதை ‘மொழிபெயர் தேஎம்’ என்கிறார். மொழி மாறும் இடத்தில் எல்லை விழுகிறது. இவற்றையெல்லாம் நவீனக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் அந்தப் பேச்சு நடந்து ஐம்பது ஆண்டு ஆவதற்குள் ஒன்றையொன்று அழிக்கும் போரில் இறங்கிவிட்டன. வேங்கடத்துக்கு இப்பால் மூவேந்தர்கள் ஒருவரையொருவர் விட்டுவைத்தார்களா என்ன? ‘நாம் ஒரே மாதிரியானவர்கள்’ என்ற உணர்வு ஒன்று. ‘ஆகவே நமக்கு ஒரே அரசு வேண்டும்’ என்ற கோரிக்கை வேறு. எழுவாய் வழியில் எழுதுகிறவர் முதலாவதைக் கண்டதும் இரண்டாவதும் கூடவே இருந்ததாக எழுதிவிடுவார். ‘விழித்தெழுந்தது’ என்ற வினைச்சொல் இந்தத் தாவலைச் சத்தமில்லாமல் செய்துகொடுத்துவிடும்.

தேவை முற்றினால் சான்றே உற்பத்தியாகும் என்பதற்கு செக் நாட்டுக் கையெழுத்துப்படிகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1817இல் வாட்ஸ்லாவ் ஹங்கா என்ற அறிஞர், ஒரு தேவாலயத்தில் பழைய செக் வீரப்பாடல்களின் ஏடுகளைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அடுத்த ஆண்டே அதைவிடப் பழமையானதாகத் தோன்றும் இன்னொன்றும் கிடைத்தது. ஜெர்மானியர்களுக்குக் காவியம் உண்டு, எங்களுக்கும் உண்டு என்று சொல்ல இவை போதும். தலைசிறந்த செக் வரலாற்றாசிரியரான பலாட்ஸ்கியே இவற்றை மெய்யானவை என்று ஆதரித்தார். 1886இல் மொழியியலாளர் கெபௌவரும் பேராசிரியர் மசாரிக்கும் இவை போலி என்று வாதிட்டபோது மசாரிக்குக்குத் தேசத்துரோகி பட்டம் கிடைத்தது. அந்த மசாரிக்தான் 1918இல் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். போலிச் சான்றைத் தூக்கிப்போட்ட பிறகும் தேசம் கவிழ்ந்துவிடவில்லை. எழுவாய் வழிக்காரர்கள் பழமைக்கு அவ்வளவு பதற்றப்பட்டிருக்க வேண்டியதில்லை.

செயப்படுபொருளாக

1983ஐ தேசியம் பற்றிய ஆய்வுத் துறையின் விளைச்சல் ஆண்டு எனலாம். எர்னஸ்ட் கெல்னரின் நூல், பெனடிக்ட் ஆண்டர்சனின் நூல், ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்த மரபு-உருவாக்கக் கட்டுரைகள், மூன்றும் அதே ஆண்டில் வந்தன. ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒரே மாதிரி படித்த, இடம் மாற்றிப் போட்டாலும் வேலை செய்யக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டதால் தேசியம் வந்தது என்றார் கெல்னர். ஒருவரையொருவர் பார்த்தேயிராத லட்சக்கணக்கானவர்கள் ஒரே செய்தித்தாளை ஒரே காலையில் படிப்பதில் ‘நாம்’ பிறந்தது என்பது ஆண்டர்சனின் வாதத்தில் ஒரு முக்கிய இழை. எந்தத் தரப்பாக இருந்தாலும் தேசம் இங்கே செய்யப்பட்ட பொருள். செய்தது யார், எதைக் கொண்டு, எப்போது என்பதுதான் கேள்வி.

19ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதுகிறவருக்கு இதைவிடக் கூரான கருவி கிடையாது. பிரான்ஸைப் பாருங்கள். புரட்சி நடந்து ஐந்தாண்டு கழித்து, 1794இல், கிரெகுவார் பாதிரியார் சட்டமன்றத்தில் ஓர் அறிக்கை படித்தார். நாட்டில் குறைந்தது 60 லட்சம் பேருக்குத் தேசிய மொழி தெரியாது, அதைச் சுத்தமாகப் பேசுபவர்கள் 30 லட்சத்தைத் தாண்டமாட்டார்கள் என்றார். 1863இன் அரசுக் கணக்கிலும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கம்யூன்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) பிரெஞ்சு பேச்சுமொழியாக இல்லை. அதன் பிறகுதான் சாலை, ரயில், கட்டாயப் பள்ளி, கட்டாய ராணுவச் சேவை எல்லாம் சேர்ந்து உழவர்களைப் பிரெஞ்சுக்காரர்களாக்கின. ‘பிரெஞ்சுத் தேசம் 1789இல் எழுந்தது’ என்று எழுதும் கை, இந்த எண்களைப் பார்த்தால் கொஞ்சம் தயங்கும்.

‘இத்தாலியை உருவாக்கிவிட்டோம், இனி இத்தாலியர்களை உருவாக்க வேண்டும்’ என்ற இத்தாலிய அரசியல்வாதி தசேல்யோவின் வாசகத்தையும் இந்த அணியினர் அடிக்கடி எடுத்துவைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியது அப்படி இல்லை. ‘இத்தாலி உருவாகிவிட்டது, இத்தாலியர்கள்தான் உருவாகவில்லை’ என்ற பொருளில் ஒரு புலம்பல்தான் அங்கே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதைச் சீவிச் செதுக்கி முழக்கமாக்கினார்கள். தேசம் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகக் காட்டும் மேற்கோளே செய்யப்பட்டதுதான்!

குறை எங்கே? 1995 அக்டோபர் 24 அன்று வார்விக் பல்கலைக்கழகத்தில் கெல்னரும் அவருடைய பழைய மாணவர் அந்தோனி ஸ்மித்தும் மேடையில் மோதிக்கொண்டார்கள். பழைய இனக்குழு நினைவுகள் இல்லாமல் தேசம் வராது என்பது மாணவரின் கட்சி. தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா என்ற பழைய கேள்வியைத் தேசங்களிடம் கேட்டார் ஆசிரியர். சில தேசங்களுக்கு இருக்கலாம், சிலவற்றுக்கு இல்லை, அது ஒரு பொருட்டும் இல்லை என்பது அவர் பதில். தொப்புள் இல்லாத தேசத்துக்கு அவர் காட்டிய உதாரணம் எஸ்தோனியா: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தங்களைக் குறிக்க ஒரு பெயர்கூட இல்லை என்றார். இரண்டு வாரம் முடிவதற்குள் கெல்னர் இறந்துபோனார். அந்த வாதம் அப்படியே நிற்கிறது.

நான் ஸ்மித் கட்சி இல்லை. ஆனாலும் எஸ்தோனியா உதாரணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெயரே இல்லாமல் இல்லை. ‘மாரஹ்வஸ்’, அதாவது நிலத்து மக்கள் என்றுதான் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். 1857இல் யான்சென் என்பவர் பார்னு நகரில் தொடங்கிய வாரப் பத்திரிகை, முதல் இதழில் வாசகர்களுக்கு ‘வணக்கம், அன்பான எஸ்தோனிய மக்களே’ என்று முகமன் கூறியது. அந்த ஒரு வரி எனக்குப் பிடித்தமானது. ஆண்டர்சன் சொன்ன அச்சுமொழியும் செய்தித்தாளும் அதில் இருக்கின்றன, கெல்னரின் எழுத்தறிவும் இருக்கிறது. ஆனால் யான்சென் கூப்பிட்டதோடு கதை முடியவில்லை. கூப்பிட்டதும் சிலர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஏன் திரும்பினார்கள்? செயப்படுபொருள் வழியில் எழுதும்போது இந்தக் கேள்வி நழுவிவிடுகிறது. தச்சர் இருக்கிறார், நாற்காலி இருக்கிறது, மரத்துக்கு மட்டும் சொந்தக் குணம் எதுவும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொரு ஆபத்து வாசகர் பக்கம். ‘உருவாக்கப்பட்டது’ என்றால் ‘பொய்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பணமும் திருமணமும்கூட மனிதர்கள் உருவாக்கியவைதான்.

விட்டுவிடுவது

மூன்றாவது வழியில் தேசம் என்ற சட்டகமே வேண்டாம். கடலை எடுத்துக்கொள்ளலாம், ஒரு பேரரசை, ஒரு பண்டத்தை, ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளலாம். 1949இல் வந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிரோதெலின் மத்தியதரைக் கடல் ஆய்வு இதற்குப் பெரிய முன்மாதிரி. மிளகு வணிகத்தைப் பற்றி எழுதுகிறவர் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், யோசிக்கவே தேவையில்லை. மிளகுக்குக் கடவுச்சீட்டு கிடையாது.

இதன் பெரிய லாபம், தேசத்துக்குள் அடங்க மறுத்தவர்கள் கண்ணில் படுவது. 1931இல் போலந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். போலேசியா என்ற சதுப்பு நிலப் பகுதியில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில் ‘துத்தெய்ஷி’ என்று பதிவாகியிருக்கிறது. ‘இவ்விடத்து’ என்று பொருள். போலிஷும் இல்லை, உக்ரைனும் இல்லை, பெலாரஸும் இல்லை. இந்த இடத்துப் பேச்சு. சிறுபான்மையினரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட அதிகாரிகளே இந்தப் பதிலை ஊக்குவித்தார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அப்படியே இருந்தாலும், தேசத்தை எழுவாயாக வைத்தால் இந்த ஏழு லட்சம் பேரும் ‘இன்னும் விழிக்காதவர்கள்’ ஆகிவிடுவார்கள். தேசத்தை ஒதுக்கி வைத்தால்தான் அவர்கள் பதில் ஒரு பதிலாகவே தெரியும்.

அதற்காக எல்லா இடத்திலும் ஒதுக்க முடியாது. 1914இல் முதல் உலகப் போருக்குப் போக இளைஞர்கள் ஏன் வரிசையில் நின்றார்கள் என்பதைப் பண்ட வணிகத்தை வைத்து விளக்கப் பார்த்தால் சிரிப்பார்கள். தவிர, முன்வாசலில் துரத்திய தேசம் கொல்லைவாசலில் வரும்: ஆவணக்காப்பகம் அரசுவாரியாக இருக்கும், புள்ளிவிவரமும் அப்படித்தான்.

‘என்று’

நான்காவது வழி, தேசத்தை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்வது. சமூகவியலாளர் ரோஜர்ஸ் புரூபேக்கர் இந்தத் திசையில் நிறைய எழுதியிருக்கிறார்; மக்கள் புழங்கும் சொல்லை ஆய்வாளர் தன் அளவுகோலாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. தமிழில் எழுதுகிறவருக்கு இது இன்னும் சுலபம். ‘என்று’ என்ற சொல் நம் மொழியில் எப்போதும் தயாராக இருக்கிறது. அதைப் போட்டவுடன் யார் சொன்னார், யாரிடம், எப்போது என்று வாக்கியமே நம்மைக் கேட்கத் தொடங்கும்.

பிரெஞ்சு அறிஞர் ரெனானை இப்படி வாசித்துப் பாருங்கள். ‘தேசம் என்பது அன்றாடம் நடக்கும் ஒரு வாக்கெடுப்பு’ என்ற அவர் கருத்து, கட்டுரைகளில் பெரும்பாலும் காலமும் இடமும் இல்லாத வரையறையாக வந்துபோகிறது. அவர் அதைச் சொன்னது 1882 மார்ச் 11 அன்று, பாரிஸில். போரில் தோற்ற பிரான்ஸிடமிருந்து அல்சாஸையும் லொரெய்னின் ஒரு பகுதியையும் ஜெர்மனி எடுத்துக்கொண்டு 11 ஆண்டு ஆகியிருந்தது. அந்தச் சண்டை வரலாற்றாசிரியர்களுக்குள் ஏற்கெனவே நடந்திருந்தது. 1870இல், அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ரோம வரலாற்றின் மேதையான ஜெர்மானியர் மொம்சென், அல்சாஸ் ஜெர்மானியப் பகுதி என்று எழுதினார். அல்சாஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பாடம் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஃபுஸ்தெல் த கூலாஞ்ச், இனமோ மொழியோ தேசத்தைத் தீர்மானிக்காது, அல்சாஸ் மக்கள் பிரான்ஸோடு இருக்க விரும்புகிறார்கள் என்று பதில் எழுதினார். மொழியா விருப்பமா என்று இன்று பாடநூல்களில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் இரண்டு வரையறைகளும் ஓர் எல்லைத் தகராறில் கூர்தீட்டப்பட்ட ஆயுதங்கள்.

1918இல் அல்சாஸ் பிரான்ஸுக்குத் திரும்பியது. அன்றாட வாக்கெடுப்பு பேசிய நாடு அங்கே ஒரு நாள்கூட வாக்கெடுப்பு நடத்தவில்லை. அதற்குப் பதில், பெற்றோர் எங்கே பிறந்தவர்கள் என்று பார்த்து மக்களுக்கு ஏ, பி, சி, டி என நான்கு வகை அடையாள அட்டை கொடுத்தது. விருப்பத்தை வைத்து இழந்ததைக் கேட்டவர்கள், கைக்கு வந்ததும் குருதியை வைத்துப் பிரித்தார்கள். ‘பிரெஞ்சுத் தேசியம் விருப்பத்தின் அடிப்படையிலானது’ என்று எழுதியிருந்தால் இந்த அட்டைகளை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்காது. ‘என்று ரெனான் சொன்னார்’ என்று எழுதியிருந்தால் அடுத்த பத்தியில் தாராளமாக இடம் இருக்கும்.

தமிழில் இந்த வழிக்கு ஒரு கூடுதல் அவசியமும் உண்டு. நம் சொற்கள் கால்களை வாரிவிடும். ‘நேஷன்’ என்பதில் மக்கள் என்ற பொருள் முன்னால் நிற்கிறது. ‘தேசம்’, ‘நாடு’ இரண்டிலும் நிலம் முன்னால் நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நாடு’ என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு பகுதி. அதற்கு மேலே வளநாடு, அதற்கும் மேலே மண்டலம். அந்த நாட்டையும் இன்று நாம் சொல்லும் நாட்டையும் ஒரே பக்கத்தில் விளக்கமில்லாமல் வைத்தால் வாசகர் தானாகவே ஓர் அரசையும் எல்லைக்கோட்டையும் கற்பனை செய்துகொள்வார். தொல்காப்பியப் பாயிரம் ‘தமிழ் கூறும் நல்லுலகம்’ என்கிறது; அதைத் தமிழ்த் தேசம் என்று பெயர்த்து எழுதினால், இருந்ததைவிட ஒரு சொல் கூடுதலாகப் படித்துவிட்டோம் என்று பொருள். ஐரோப்பாவிலும் இதே வழுக்கல் உண்டு. பழைய ஹங்கேரியில் ‘ஹங்கேரிய நாத்தியோ’ என்றால் பிரபுக்கள் மட்டும், அவர்கள் எந்த மொழி பேசினாலும் சரி. ஹங்கேரியன் மட்டுமே தெரிந்த பண்ணையடிமை அதில் சேரமாட்டான். ஆகவே மூலத்தில் எந்தச் சொல் இருந்ததோ அதை ஒருமுறையாவது அப்படியே காட்டிவிட்டு மேலே போவது நல்லது.

சரி, இந்த வழியின் செலவு என்ன? முதலாவது, சலிப்பு. பத்தி பத்தியாக ‘என்று’, ‘என்றார்கள்’ என்று போனால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். இரண்டாவது இன்னும் கனமானது: சொன்னவர்கள்தான் பதிவில் இருப்பார்கள். எழுதத் தெரியாதவர், கேட்கப்படாதவர் எல்லாம் ‘என்று’வுக்கு வெளியே போய்விடுவார்கள். மூன்றாவது, தேசம் எப்போதும் வெறும் பேச்சாகவே இருப்பதில்லை. அட்டை அடித்து, பள்ளி கட்டி, படைக்கு ஆள் எடுத்த பிறகு அது சுவரைப் போல் இடிக்கும் பொருள். அந்தக் கட்டம் வந்ததும் நான் கூச்சமில்லாமல் இரண்டாம் வழிக்குத் தாவிவிடுவேன்.

நடைமுறையில் நான் திருத்தும் பிரதிகளில் இப்படித்தான் செய்கிறேன். 1800க்கு முந்தைய காலம் என்றால் ‘என்று’ கட்டாயம். எழுவாயாக இருக்கும் தேசத்தை வரிக்கு வரி கேள்வி கேட்பேன். அதற்குப் பிந்தையது என்றால், யாரோ முதலில் கூப்பிட்டதை ‘என்று’ போட்டும், பள்ளியும் படையும் வந்த பிறகு நடந்ததைச் செயப்படுபொருளாகவும். வணிகம், நோய், பருவநிலை பற்றிய நூலா, தேசப் பெயர்களை அடித்துவிட்டு ஊர், துறைமுகப் பெயர்களைக் கேட்பேன். எழுவாய் வழியில் எழுதிய பழைய நூல்களை ஒதுக்கச் சொல்வதில்லை. ஆனால் அவை அந்தக் காலத்து ஆட்களின் வாக்குமூலமாக உள்ளே வர வேண்டும்.

தலைப்பிலும் வரைபடத்திலும் மட்டும் இந்த உத்தி செல்லாது. அங்கே ‘என்று’ போட இடமில்லை. பலாட்ஸ்கிக்கே இது நேர்ந்தது. 1836இல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிடத் தொடங்கிய நூலின் பெயர் ‘பொஹீமியாவின் வரலாறு’. 1848இல் செக் மொழியில் வரத் தொடங்கியபோது அது ‘பொஹீமியாவிலும் மொராவியாவிலும் செக் தேசத்தின் வரலாறு’ ஆகிவிட்டது. ஆசிரியர் அவரேதான், விஷயமும் பெரும்பாலும் அதேதான். முதல் அட்டையில் நிலம், இரண்டாவது அட்டையில் மக்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதற்கு இந்த இரண்டு அட்டைகளைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

கோப்பர்நிக்கஸ் வரிக்கு வருகிறேன். நண்பரோடு இரண்டு முறை தொலைபேசியில் இழுபறி நடந்தது. ‘இவ்வளவு நீளமா?’ என்று முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். அச்சுக்குப் போன வரி இது: ‘போலந்து மன்னரின் ஆளுகையில் இருந்த, ஜெர்மன் பேசும் வணிகர்கள் நிறைந்த தோருன் நகரில் 1473இல் பிறந்த கோப்பர்நிக்கஸ்.’ பின்னிணைப்பில் இருந்த அறிஞர் பட்டியலில் ‘நாடு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை ‘பிறந்த ஊர்’ என்று மாற்றிவிட்டோம்.